தோட்டத்து வானொலியில் பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார்?

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் வானொலி வருவதற்கு முன்பே பாட்டு இருந்தது. 1896இல் டான் சாய் யான் என்ற சீனத் தொழிலதிபர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே முன்னோடி. அடுத்து புக்கிட் அசஹானில் அவர் பெருந்தோட்டம் அமைத்தார். பிறகு ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாக வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள்.

அவர்களோடு தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வந்தன. மாரியம்மன் திருவிழா என்றால் உறுமியும் தப்பும் முழங்கும். என்ன பாடுவது என்பதைப் பாடியவர்களே முடிவு செய்தார்கள். வானொலி வந்த பிறகு அந்த உரிமை என்ன ஆயிற்று?

அரசாங்கம் வைத்த பெட்டி

1946 ஏப்ரல் 1ஆம் நாள் ரேடியோ மலாயா பிறந்தது. அதன் தலைமையகம் சிங்கப்பூரில் இருந்தது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிப் பிரிவுகள் இருந்தன. ஆனால், அந்நாளில் வானொலிப் பெட்டி வாங்கும் வசதி மரம் வெட்டும் தொழிலாளிக்கு ஏது? பெட்டியை வாங்கினாலும் லயத்து வீட்டில் மின்சாரம் ஏது?

அந்த வசதியைக் கொண்டு வந்தது ஒரு போர். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு உணவும் தகவலும் போய்ச் சேராமல் தடுக்க வேண்டும் என்பது அரசின் நோக்கம். அதற்காகத் தோட்டத்துக் குடியிருப்புகளைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. ஊரடங்கு வந்தது. அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. மக்களின் மனத்தையும் வெல்ல வேண்டும் என்று கருதிய அரசு, 1950இல் பி.பி.சி.யிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் என்பவரை வரவழைத்து அவசரகாலத் தகவல் பணியை ஒப்படைத்தது. பிற்காலத்தில் பி.பி.சி.க்கே தலைமை இயக்குநரானவர் அவர்.

அந்தக் காலத்தில்தான் புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பேட்டரியில் இயங்கும் பெட்டி. அதைச் சுற்றி ஒரு கூட்டம். சமூக வானொலி என்று இன்று பேசுகிறார்களே, அதன் பாதி அங்கே இருந்தது. கேட்பவர்கள் ஒரு சமூகம். பேசுபவர் மட்டும் அரசாங்கம்.

அறிவிப்பை மட்டும் கேட்க யாரும் வெயிலில் உழைத்துவிட்டு வந்து உட்காரமாட்டார்கள். இதை அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள். அதனால் அறிவிப்புக்கு முன்னும் பின்னும் இசையும் நாடகமும் இடம்பெற்றன. பாகவதர் குரலுக்கும் கே.பி. சுந்தராம்பாள் குரலுக்கும் இருந்த ஈர்ப்பு சரணடையும்படி கேட்கும் அறிவிப்புக்கு இருக்குமா?

1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தளர்ந்தன. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. காரணம் போய்விட்டது, ஆனால் வானொலி கேட்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

அஞ்சலட்டையில் ஓர் ஊர்

அடுத்து டிரான்சிஸ்டர் வந்தது. கொட்டகையில் இருந்த வானொலி லயத்து வாசலுக்கு வந்தது. சைக்கிளில் தொங்கியபடி வெளிக்காட்டுக்கும் போனது.

அதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கடிவாளம் போட்டார். சாஸ்திரிய இசை வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டதும் இந்த நெருக்கடியால்தான். கேட்பவருடைய விருப்பத்தை மேலிருந்து மாற்றுவது எளிதல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

மலேசியத் தமிழ் வானொலியில் அந்த விருப்பத்துக்கு ‘நேயர் விருப்பம்’ இடம் தந்தது. அஞ்சலட்டையில் பாட்டின் பெயர், கேட்பவர்களின் பெயர், அதனோடு தோட்டத்தின் பெயர். நாட்டின் வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஒரு தோட்டத்தின் பெயரை நாடே கேட்டது. பாட்டு சென்னையில் பிறந்ததாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் தோட்டத்துக்குச் சொந்தமானது.

பெயர்கள் மறைந்தபோது

1950களிலேயே வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் பல. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிக் கட்டுப்பாடு வந்தது. பலர் கப்பலேறினார்கள். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் ஆயர் குரோ, பத்து பெரண்டாம் போன்ற இடங்களுக்கு வேலை தேடிப் போனார்கள்.

வானொலியும் மாறியது. ரேடியோ 6 ஆக இருந்த அரசுத் தமிழ் அலைவரிசை 2005இல் மின்னல் எஃப்எம் என்று பெயர் பெற்றது. தனியார் துறையில் ராகா வளர்ந்தது. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட ‘வல்லவன்’, மலேசிய இளைஞர்களின் தமிழ்ப் பாட்டும் கடல் கடக்கும் என்று காட்டியது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனாலும் இவை நாடு முழுவதற்குமான நிலையங்கள். ஒரு மாவட்டத்துக்காக, ஒரு வட்டாரத்துக்காக மட்டும் பாட்டுப் போடுவது அவற்றின் வேலையல்ல.

சிறிய நிலையம் என்ன செய்யும்?

இலங்கையில் 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் குழுவினர் குடியேற்றக் கிராமங்களில் தங்கி, மக்களின் பாட்டையும் நாடகத்தையும் அங்கேயே பதிவு செய்தார்கள். 1989இல் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொத்மலையில் நிலையம் எழுந்தது. சென்னையில் 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் ஒலித்தது. 2006இல் இந்திய அரசு தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. 100 வாட் ஆற்றல் போதும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்குக் காற்றின் நிலையையும் சொல்கிறது, பாட்டும் போடுகிறது.

மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி ஒலிபரப்பு உரிமம் அமைச்சர் கையில் இருக்கிறது. பல்கலைக்கழக வளாக நிலையங்கள் உண்டு. ஆனால், தோட்டமும் சிற்றூரும் தமக்கென நிலையம் நடத்துவது எளிதான காரியமல்ல.

மலாக்காவில் பாட்டுக்குப் பஞ்சமா என்ன? காஜா பெராங் செட்டி சமூகத்தார் தமிழ் வேரும் மலாய்ப் பேச்சும் கொண்டவர்கள். மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு அவர்களும் பாடுகிற டொண்டாங் சாயாங், 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகம் ஒலிக்கிறது. உறுமி மேளக் குழுக்களில் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

ஆனால், லயத்தில் தாலாட்டுப் பாடிய பாட்டிமாருக்கு வயதாகிவிட்டது. மலேசியத் தமிழர் எழுதிய கவிதைகளுக்கு முரசு நெடுமாறனின் களஞ்சியம் 1997இல் கிடைத்தது. வாயால் பாடிய பாட்டுக்கும் ஒரு களஞ்சியம் வேண்டாமா? நிலையத்துக்கு உரிமம் வேண்டும். பாட்டியின் பாட்டைப் பதிவு செய்ய யாருடைய உரிமமும் வேண்டாம். கையில் இருக்கும் தொலைபேசியே போதும். பாட்டோடு அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தால், நாளை ஒரு சிறிய வானொலி பிறக்கும்போது முதல் நிகழ்ச்சி தயாராக இருக்கும்.