நகைக்கு முதலிடம் தந்தவர்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினையும் வரிசைப்படுத்தும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். அழுகைக்கும் பெருமிதத்திற்கும் முன்னே சிரிப்பு நிற்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் வகுத்துக் காட்டினார். எள்ளலிலிருந்து நகை பிறக்கும். இளமையிலிருந்தும் பேதைமையிலிருந்தும் மடமையிலிருந்தும் பிறக்கும். இலக்கணம் இத்தனை இடம் ஒதுக்கியிருந்தும் இலக்கிய அரங்குகள் நகைக்குக் கடைசி இருக்கையையே தந்து வந்துள்ளன. கவிதைக்கு ஆய்வரங்கு உண்டு. காவியத்திற்கு விழா உண்டு. நகைச்சுவை நாடகம் என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் சரிதானா என்று எண்ணிப் பார்க்க, நம் வட சென்னைக்கு அணித்தே பிறந்த ஒருவரின் பணி பெரிதும் உதவும். அவர்தாம் பம்மல் சம்பந்த முதலியார்.

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் வீதியில் பிறந்தார். இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவு அது. தந்தையார் விஜயரங்க முதலியார் தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். துறைமுகத்தை நம்பி வாழ்ந்த அப்பகுதியில் துபாஷிகளும் வணிகர்களும் குமாஸ்தாக்களும் வழக்கறிஞர்களும் நெருங்கிக் குடியிருந்தனர். தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலித்தன. பின்னாளில் அவருடைய நகைச்சுவைப் பாத்திரங்கள் பேசப்போகும் பேச்சு அந்தத் தெருக்களிலேயே விளைந்தது எனலாம்.

இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின்மேல் நாட்டம் இருக்கவில்லை. அக்காலத்து நாடகம் இரவு முழுதும் நீளும்; பாட்டுக்கிடையே கதை தலைகாட்டும். ஆடுவோரைக் கூத்தாடிகள் என்று இகழும் மனப்பான்மை படித்தவர்களிடையே வேரூன்றியிருந்தது. 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு அவர்களின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினர். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், வேடம் புனைந்து மேடையேறியதைக் கண்ட இளைஞரின் மனம் மாறியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலேயே நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 18. 1893இல் அவர் எழுதிய ‘புஷ்பவல்லி’ விக்டோரியா பொது மண்டபத்தில் அரங்கேறியது. விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி எழுப்பப்பட்ட அந்தச் செங்கல் மண்டபம் சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகில், ரிப்பன் மாளிகையை அடுத்து இன்றும் நிற்கிறது.

அதே விக்டோரியா காலத்து இலண்டனில் மற்றொரு வழக்கறிஞர் நகைச்சுவை நாடகத்தின் முடிசூடா மன்னராக விளங்கினார். வில்லியம் ஷ்வெங்க் கில்பர்ட் (1836–1911) என்பது அவர் பெயர். வழக்காடுவதில் பெயரெடுக்காத அவர், வேடிக்கைப் பாடல்கள் எழுதிப் பெயர் பெற்றார். இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனுடன் இணைந்து 1871 முதல் 1896 வரை 14 இசை நாடகங்களைப் படைத்தார். 1875இல் வந்த ‘டிரையல் பை ஜூரி’ நீதிமன்றத்தையே கேலிக்கூடமாக்கியது. 1878இல் வந்த ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’, கப்பலில் கால் வைக்காமலே கடற்படை அமைச்சராகிவிட்ட ஒருவரை நகையாடியது. துறைமுகத்தின் பக்கத்தில் வாழும் நமக்கு அந்த நகைச்சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கில்பர்ட்டிடம் இரண்டு திறங்கள் ஒருங்கே இருந்தன. ஒன்று, இசைக்கு ஏற்ற சொல்லைக் கட்டும் திறம். மற்றொன்று, உலகத்தைத் தலைகீழாக நிறுத்திச் சிரிக்க வைக்கும் திறம். தமிழில் அவ்விரண்டும் இருவரிடம் பிரிந்து கிடந்தன. மேடைப் பாட்டின் திறம் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளிடம் (1867–1922) சென்றது. தலைகீழாக்கும் திறம் சம்பந்த முதலியாரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய நாடகங்களுக்கு உரைநடையே உயிர். பாட்டின் ஆட்சியைக் குறைத்து உரையாடலுக்கு உரிமை தந்தவர் அவர்.

சம்பந்த முதலியாருக்கு முன்பும் சென்னையில் எள்ளல் நாடகம் இல்லாமற் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சைதாபுரம் காசி விசுவநாத முதலியார் எழுதிய ‘டம்பாச்சாரி விலாசம்’ பரத்தையரிடமும் ஆடம்பரத்திலும் பொருளிழந்து அழிந்த செல்வனின் கதையைச் சொல்லிற்று. வெளிப்பகட்டுக்காரனை டம்பாச்சாரி என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ஒரு சொல்லே நகைச்சுவையின் ஆயுளுக்குச் சான்று. எனினும் அந்நாடகத்தின் சிரிப்பு அறிவுரையின் கையாளாகவே நின்றது. சிரிப்புக்குச் சொந்தக் காலைத் தந்தது ‘சபாபதி’.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்நாடகத்தில் எசமானுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரனுக்கும் சபாபதி என்றே பெயர். எசமான் செல்வச் செழிப்பில் வளர்ந்த, உலகம் தெரியாத முதலியார். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடி செய்பவன். இங்கேதான் தொல்காப்பியத்தை நினைவுகூர வேண்டியுள்ளது. பேதைமை என்பது அறியாமை. மடமையோ வேறு. பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பது மடம் என்பர் உரையாசிரியர். எசமான் பேதைமையின் உருவம். வேலைக்காரன் மடமையின் உருவம். இலக்கணம் தனித்தனியே வகுத்த இரண்டையும் ஒரே பெயரிட்டு ஒரே வீட்டில் குடிவைத்தார் ஆசிரியர். ஒருவனது கட்டளையின் ஓட்டையை மற்றவனது கீழ்ப்படிதல் அம்பலப்படுத்துகிறது. பின்னாளில் வந்த திரைப்படத்தில் சோடா உடைத்துக்கொண்டு வரச் சொன்னால் வேலைக்காரன் புட்டியையே உடைத்துக்கொண்டு வந்து நிற்கும் காட்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவன் மொழியைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சொல்லை அப்படியே ஏற்றான், பிழை சொன்னவனுடையது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இந்த இடைவெளியில் தொழில் செய்பவர்கள் கவிஞர்கள் அல்லவா? ஆதலின் சபாபதியை நாம் நம் இனத்தில் ஒருவனாகவே கொள்ளலாம்.

நாடகத்தின் வெற்றி ஒரு பாகத்தோடு நிற்கவில்லை. ‘பொங்கல் பண்டிகை’ இரண்டாம் பாகமாகவும் ‘ஓர் ஒத்திகை’ மூன்றாம் பாகமாகவும் வந்தன; மேலும் பாகங்கள் தொடர்ந்தன. அவற்றில் எசமானும் வேலைக்காரனும் பேசுவது மேடைத் தமிழன்று. வீட்டிலும் தெருவிலும் பேசும் சென்னைத் தமிழ். ‘மனோகரா’வில் அரசர்களுக்கு ஓங்கிய நடையை வகுத்த அதே கை, சபாபதிகளுக்குப் பேச்சு வழக்கை வகுத்தது. பேச்சுத் தமிழ் அச்சேறத் தகுமா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. அவ்வழக்கில் தீர்ப்பு வருமுன்பே நகைச்சுவை தன் உரிமையை எடுத்துக்கொண்டுவிட்டது.

அவருடைய எள்ளலின் உச்சம் ‘சந்திரஹரி’. அந்நாளில் சென்னையில் அரிச்சந்திரன் கதை ஆடப்படாத கொட்டகை இல்லை. நாடும் மனைவியும் மகனும் போனபோதும் அரிச்சந்திரன் பொய்யுரைக்க மறுத்தான். பெயரைத் திருப்பிப் போட்ட சம்பந்த முதலியார் அறத்தையும் திருப்பிப் போட்டார். சந்திரஹரி மெய்யுரைக்க மறுக்கிறான். பொய்யே அவனுக்கு விரதம். இலண்டனில் கில்பர்ட் 1870இல் ‘தி பேலஸ் ஆஃப் ட்ரூத்’ என்றொரு நாடகம் எழுதியிருந்தார். அதில் வரும் மாய மாளிகைக்குள் நுழைந்தவர் எவராயினும் தம்மை அறியாமலே உண்மை பேசிவிடுவர். புகழ்மொழியும் காதல்மொழியும் குலைந்துபோகும். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்று சொல்ல வரவில்லை. சாட்சிக் கூண்டின் அருகே நின்று, மெய்யென்று சத்தியம் செய்து பேசப்படும் பொய்களைக் கேட்ட இரு வழக்கறிஞர்கள், வாய்மையையே நகைப்பொருளாக்கிப் பார்த்தனர் என்பதுதான் இங்கே எண்ணத்தக்கது.

இதனால் அறம் இழிவுபட்டதா என்ற வினா எழும். சந்திரஹரியைக் கண்டு சிரிப்பவன் அரிச்சந்திரனைக் கண்டு சிரிப்பதில்லை. பொய்யை விரதமாகக் கொள்பவனுக்கு இத்தனை இடம் தருகிற உலகத்தைக் கண்டு, அவ்வுலகத்தில் தானும் ஒருவன் என்பதைக் கண்டு, சிரிக்கிறான். அரிச்சந்திரன் கதை கேட்டவனை வணங்க வைத்தது. சந்திரஹரி வெட்கப்பட வைத்தான். வணங்குவது எளிது.

நாடகத்தொழிலின் மதிப்பை உயர்த்தியதிலும் இருவரும் ஒத்தவர்கள். கில்பர்ட் சிறு மரத்துண்டுகளை மாதிரி மேடையில் நிறுத்தி, நடிகர் ஒவ்வொருவரும் எங்கு நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்தவர். எழுதிய சொல்லை மாற்ற விடாதவர். சம்பந்த முதலியாரும் ஒத்திகையில் கண்டிப்பு மிக்கவர். சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மேடையேறினர். வழக்கறிஞரான ரங்கவடிவேலு பெண் வேடங்களில் புகழ்பெற்றார். தீரர் சத்தியமூர்த்தியும் சபையில் நடித்தவர். ஆயினும் ஒரு குறையை மறைத்தலாகாது. சபையின் மேடையில் பெண் பாத்திரங்களை ஆடவரே ஏற்றனர். கட்டணம் செலுத்தி உள்ளே அமர்ந்தவர்கள் பெரும்பாலும் படித்த நடுத்தர மக்கள். மூட்டை சுமந்தவர்களும் வலை இழுத்தவர்களும் சபாபதியை அறிந்தது பெரும்பாலும் வேறு வழியில்தான்.

அந்த வழி சினிமா. 1941 டிசம்பரில் ஏ.வி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியார் ‘சபாபதி’யைப் படமாக வெளியிட்டார். டி.ஆர். இராமச்சந்திரன் எசமானாகவும் காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். போர் அச்சத்தில் சென்னை நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அப்படம் மக்களைச் சிரிக்க வைத்தது. அதே ஆண்டில் ‘சந்திரஹரி’யும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடிப்பில் திரைக்கு வந்தது. பெரும்புகழ் பெற்ற ‘மனோகரா’ 1954இல் திரையில் முழங்கியபோது, மக்கள் மனத்தில் பதிந்தது கலைஞர் மு. கருணாநிதியின் வசனம். அவலமும் வீரமும் காலத்திற்கேற்ப வேறு நடையை வேண்டின. சபாபதியின் சிரிப்போ முதல் ஆசிரியரின் பெயரோடு ஒட்டியே நின்றது.

சம்பந்த முதலியார் 1924இல் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார். ‘நாடகமேடை நினைவுகள்’ என்ற பெயரில் ஆறு பாகங்களில் தம் மேடை வரலாற்றை எழுதினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964 செப்டம்பர் 24ஆம் நாள் மறைந்தார். கில்பர்ட்டின் நாடகங்களை ஆங்கில நாடுகளில் இன்றும் பள்ளி மாணவர்களும் தொழில்முறை அல்லாத குழுக்களும் ஆண்டுதோறும் ஆடுகின்றனர். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதிய நம்மவரை நாம் படிக்கும் பட்டியலில் வைத்துவிட்டு, ஆடும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

தம் நாடகத்தை ஆட விரும்புவோர் அனுமதி பெற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எழுதியவனுக்கு உரிமையும் ஊதியமும் உண்டு என்பதைத் தமிழ் மேடைக்கு உணர்த்திய முன்னோடி அவர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் இன்று எவரும் தடையின்றி அவற்றை மேடையேற்றலாம். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் கவிஞர்கள் நிறைய உள்ளனர். நல்ல குரல்களும் உள்ளன. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு மாலை ‘சந்திரஹரி’யை ஆடிப் பார்க்கலாம். ஆடவர் ஏற்ற வேடங்களை இம்முறை பெண்களே ஏற்கட்டும். வேலைமுடிந்து வருவோர் கட்டணமின்றி அமரட்டும். தொல்காப்பியர் முதலில் வைத்ததை ஒரு நாளேனும் நாமும் முதலில் வைப்போம்.