கண்மதிப்பும் கணக்கும்: மன்னார் முத்துக்குளிப்பு வரலாற்றில் உள்ளுணர்வும் பகுத்தறிவும்

மன்னார்த் தீவின் நகர்ப்பகுதியிலே அமைந்துள்ள உப்புக்குளம், கடற்றொழிலாளரும் சிறு வணிகரும் வாழ்ந்துவரும் இடமாகும். அங்கு மட்டுமன்றி, மன்னார்க் கரையோரத்தின் எந்தத் துறையிலும் நாள்தோறும் ஒரு தீர்மானம் எடுக்கப்படுகின்றது. சோழகக் காற்றா வாடையா, நீர் தெளிந்துள்ளதா கலங்கியுள்ளதா என்பனவற்றை ஒரு பார்வையில் அளந்துகொண்டு, வள்ளத்தை இறக்குவதா விடுவதா என மூத்த தொழிலாளி முடிவு செய்கின்றார். காரணம் கேட்டால் முழுமையான விடை அவரிடமிருந்து வருவதில்லை. ஆயினும் அவரது முடிவை நம்பியே ஏனையோர் கடலுக்குச் செல்கின்றனர்.

காரணத்தை எடுத்துரைக்காமலே சரியானதைக் கண்டுகொள்ளும் இவ்வாற்றலை உள்ளுணர்வு என்கிறோம். இதனைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதனைப் பகுத்தறிவுக்குப் புறம்பான மூடநம்பிக்கை என ஒதுக்குவர். மற்றொரு சாரார் அறிவுக்கு எட்டாத அருள் என்று போற்றுவர். எதிரெதிரானவையாகத் தோன்றினும் இவ்விரு கருத்துகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. உள்ளுணர்வின் பின்னே இருக்கும் மனித உழைப்பை இரண்டுமே காணத் தவறுகின்றன. உள்ளுணர்வுக்கும் வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றை அறிந்தாலன்றி அதனை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது எனப் பிரித்தறிய இயலாது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முனைகின்றோம். இதற்குச் சான்றாக நாம் கொள்வது, மன்னார்த் தீவுக்குத் தெற்கேயுள்ள வளைகுடாவில் நடைபெற்ற முத்துக்குளிப்பாகும். சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய பெருநிலக் கரையூர்களில் குளிப்புப் பாசறைகள் அமைந்தன.

நமது இலக்கியப் பரப்பில் அறிவின் வாயில்கள் நுணுக்கமாகவே வகுக்கப்பட்டுள்ளன. மணிமேகலை சமயவாதிகளின் அளவைகளைக் கூறுமிடத்துக் காண்டலையும் கருதலையும் வேறுபடுத்துகின்றது. புலன்வழி நேரே அறிவது காண்டல். அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல். தொழிலாளியின் உள்ளுணர்வு இவ்விரண்டில் எதனுட் படும்? அது ஒரு நொடியில் நிகழ்வதால் காண்டல் போலத் தோன்றுகின்றது. உண்மையில் அது படிகள் மறைந்துபோன கருதலே. பல்லாயிரம் முறை செய்யப்பட்ட ஓர் அனுமானம் செய்பவனுக்கே தெரியாதவாறு சுருங்கிவிடுகின்றது. ஐம்புலன்களின் உருவாக்கம் மனித வரலாறு முழுவதன் உழைப்பால் விளைந்தது என்ற கருத்தை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டின் கையெழுத்துப்படிகளில் முன்வைத்தார். மன்னாரின் முத்து மதிப்பீட்டாளர் கண்ணை இக்கருத்தின் ஒளியில் நோக்குவது பயனுடையது.

முத்தைத் தரம்பிரிக்கும் கலை தமிழரிடையே மிகத் தொன்மையானது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளித்த அணிகலன்களைப் பதிவு செய்யும் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என முத்துகளை வகைப்படுத்துகின்றன. எடையோ கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற அளவைகளால் நுட்பமாகக் குறிக்கப்படுகின்றது. இவ்விரு வகைச் சொற்களும் ஒரே ஆவணத்தில் அருகருகே இடம்பெறுதல் மனங்கொளத்தக்கது. மஞ்சாடியைத் தராசு காட்டும். 'குளிர்ந்த நீர்' எது, 'சிவந்த நீர்' எது என்பதை எத்தராசும் காட்டாது. பழகிய கண்ணே அதனைக் காணும்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இவ்வமைப்பு மன்னாரில் நிலைத்திருந்தது. முத்துப்பார்களின் மேற்பார்வையாளராக விளங்கிய ஜேம்ஸ் ஸ்ரூவர்ட் 1843இல் வெளியிட்ட நூல் அதனை விரிவாக விளக்குகின்றது. முதலில் முத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்களில் இடப்பட்டுச் சலிக்கப்பட்டன. முதற் கிண்ணத்தில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100 எனப் பெருகி இறுதிக் கிண்ணத்தில் 1000 துளைகள். துளையின் எண்ணிக்கை பெருகப் பெருக அதன் அளவு சிறுத்தது. பருமன் இவ்வாறு பொறிமுறையில் தீர்மானிக்கப்பட்டது. அடுத்து, ஒவ்வொரு கிண்ணத்து முத்தும் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதலாகப் பல தரங்களாகக் கண்ணாற் பிரிக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொரு தரமும் நிறுக்கப்பட்டது. உயர்ந்த முத்துகளுக்கு விலை எடையின் நேர்விகிதத்தில் அமையவில்லை. எடையின் வர்க்கத்தோடு தொடர்புடைய ஒரு கணக்கின்படி அமைந்தது. ஒரு பெரிய முத்து, அதே எடையுள்ள பல சிறு முத்துகளிலும் பன்மடங்கு அரிது என்ற உண்மையே அக்கணக்கின் அடிப்படை.

சல்லடை, கண், தராசு, கணக்கு என்ற இவ்வரிசையில் ஓர் ஆழ்ந்த விவேகம் பொதிந்துள்ளது. அளக்கக் கூடியதை மதிப்பீட்டாளர் கண்ணிடம் விடவில்லை. அளக்கவியலாததைத் தராசிடம் கேட்கவுமில்லை. கண் தன் வேலையைத் தொடங்குமுன் சல்லடை அதன் சுமையைக் குறைத்தது. கண் முடித்த வேலையைக் கணக்கு தொடர்ந்தது. உள்ளுணர்வையும் பகுத்தறிவையும் எதிரிகளாக்காது, வேலைப் பிரிவினையாக ஒழுங்குசெய்த முறை இது. அக்கண்மதிப்பு நம்பத்தகுந்ததாய் அமைந்தமைக்குக் காரணமும் தெளிவானது. ஒரே வகைப் பொருள் திரும்பத் திரும்பக் கைக்கு வந்தது. தவறிழைத்தால் சந்தை உடனுக்குடன் தண்டித்தது. திருத்தம் பெற்றே அக்கண் கூர்மையுற்றது.

எனினும், உள்ளுணர்வு எனத் தோன்றுவன யாவும் இவ்வாறு தேறியவையல்ல. முத்துக்குளிப்பே இதற்கும் சான்று தருகின்றது. குளிப்பவர் கல்லைக் காலிற் பிணைத்துக்கொண்டு பல பாகம் ஆழத்திற்கு இறங்கி, ஒரு நிமிட அளவிலே சிப்பிகளை வாரிக்கொண்டு மேலெழுந்தனர். சுறாவின் வாயைக் கட்டுபவராகக் கருதப்பட்ட 'கடல்கட்டி' கரையில் இருந்து மந்திரம் சொன்னாலன்றி அவர்கள் நீரில் இறங்க மறுத்தனர். பிரித்தானிய அரசே அவருக்கு ஊதியம் அளித்துவந்ததை எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியான தமது நூலிற் பதிவு செய்துள்ளார். இங்கே குளிப்பவரை ஆட்கொண்டது அச்சம். உயிரைப் பணயம் வைத்த உழைப்பில் அது இயல்பானதே. சடங்கு அவர்களுக்கு மனத்துணிவை அளித்தது. ஆனால் மந்திரம் சொல்லப்பட்டதால் சுறா வரவில்லையா, சுறா வராததால் மந்திரம் நிலைத்ததா என்பதைச் சோதிக்க அங்கு வழி இருக்கவில்லை. சோதிக்கப்படாத உணர்வு எத்துணை உறுதியாக இருப்பினும் அறிவாகாது.

ஏலக்களத்தில் ஆட்சிபுரிந்தது பேராசை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய முறைப்படி, கரைசேர்ந்த சிப்பி மூன்று கும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு அரசுக்கு, ஒன்று குளிப்பவர்க்கும் படகினர்க்கும். தமக்குரிய கும்பம் எது என்பது முன்கூட்டித் தெரியாமையால் தொழிலாளர் மூன்றையும் சமமாகவே பிரித்தனர். அரசின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலத்திற்கு வந்தது. திறக்கப்படாத சிப்பியின் உள்ளே என்ன உண்டு என்பதை எந்தக் கண்ணும் காணவியலாது. எனினும் வணிகர் 'மனம் சொல்கிறது' என்று விலையை ஏற்றினர். வதந்தி கேட்டு இறக்கினர். முத்தைக் கையிலேந்தி மதிப்பிடும்போது கண் தேர்ந்த அறிவாய் விளங்கிற்று. மூடிய சிப்பியின் முன்னோ அதே மனிதரின் 'உள்ளுணர்வு' சூதாட்டமாயிற்று. வேறுபாடு மனிதரில் இல்லை. அவர் முன்னிருந்த பொருளின் தன்மையில் இருந்தது.

இனி, அறிவியல் முத்துப்பார்களைச் சந்தித்த கட்டத்துக்கு வருவோம். 1837க்குப் பின் 1855 வரையும், 1891க்குப் பின் 1903 வரையும் குளிப்பே நடைபெறவில்லை. காரணம் அறியும்பொருட்டு 1902 ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஹேர்ட்மன் அழைத்துவரப்பட்டார். அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 'பெரிய பார்' எனப்படும் நீண்ட பாரைப் பற்றி இப்பகுதி மக்களிடையே ஓர் எண்ணம் வழங்கிவந்ததை ஹேர்ட்மன் கேட்டறிந்தார். அவர்கள் அதனைத் தாய்ப்பார் என்றனர். அதில் இளஞ்சிப்பி வரும், பின் மறையும், அங்கிருந்தே ஏனைய பார்களுக்குச் சிப்பி செல்கின்றது என்பது அவர்களது நம்பிக்கை.

1902 மார்ச்சில் அப்பாரில் பல்லாயிரங் கோடி இளஞ்சிப்பிகளை ஹேர்ட்மன் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் ஹோர்னெல் சென்று பார்த்தபோது அவை முற்றாக மறைந்திருந்தன. முந்திய ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் குறைந்தது 11 முறை அப்பாரில் இளஞ்சிப்பி குடியேறியும் ஒருமுறையேனும் குளிப்புக்குரிய விளைச்சல் கிட்டவில்லை எனப் பதிவேடுகள் காட்டின. ஆழ்கடற் சரிவின் விளிம்பிலே அப்பார் அமைந்திருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு சிப்பிகளை வாரிச் செல்கின்றது என ஹேர்ட்மன் விளக்கினார். கடலை அறிந்தோர் 'வரும், மறையும்' என்ற ஒழுங்கைச் சரியாகவே கண்டுகொண்டனர். அதற்குக் கற்பித்த காரணத்திலேயே தவறினர். ஒழுங்கைக் கண்டறிதல் உள்ளுணர்வின் வலிமை. காரணத்தைக் காட்டுதல் ஆய்வின் கடமை. முன்னதன் தவறான விளக்கத்திற்காக அதன் சரியான அவதானத்தையும் வீசியெறிதல் அறிவுடைமையாகாது.

பகுத்தறிவின் பெயரால் எழுந்த கணக்குகளும் தவறின. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் கிட்டியது. இவ்வெற்றியின் வேகத்தில் 1906இல் முத்துப்பார்கள் பிரித்தானிய முதலாளிகளின் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் வழங்கப்பட்டன. ஆண்டுதோறும் ஒரே தொகை எனும் அவ்வொப்பந்தம், பார்கள் நூறாண்டாகக் காட்டிவந்த ஏற்றவிறக்கத்திற்கு முற்றிலும் மாறானது. 1907க்குப் பின் குளிப்பு நடத்தத்தக்க சிப்பி கிடைக்கவில்லை. 1912இல் கம்பனி கலைந்தது. அதே 1912இல், நாடாப்புழுவின் குடம்பியே முத்துக்குக் கருவாகின்றது என்ற ஹேர்ட்மன்-ஹோர்னெல் கொள்கையை ஜேம்சன் என்ற ஆய்வாளர் மறுத்தார். புள்ளிவிவரத்தில் வந்தமையால் மட்டும் ஒரு கூற்று பகுத்தறிவாகிவிடாது. நடைமுறையின் சோதனை அதற்கும் உண்டு. இலாப வேட்கை எண்களின் உடையணிந்து வரும்போது அதனைக் கண்டுகொள்வது இன்னும் கடினம்.

கண்மதிப்புக்கும் ஒரு முடிவு வந்தது. 1921ஆம் ஆண்டளவில் ஜப்பானில் வளர்க்கப்பட்ட உருண்டை முத்துகள் ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. தேர்ந்த கண்களுக்கும் அவற்றை இயற்கை முத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. உள்ளே நோக்கும் கருவிகளும் ஊடுகதிரும் தேவைப்பட்டன. 1925இல் இலண்டனில் இதற்கெனவே ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. கண் மழுங்கவில்லை, அதனைப் பயிற்றிய உலகு மாறிவிட்டது. தன்னை உருவாக்கிய சூழலுக்குள்ளேதான் உள்ளுணர்வு செல்லுபடியாகும். உளவியலாளர்களான கானமனும் கிளைனும் 2009இல் இணைந்து எழுதிய ஆய்வுக்கட்டுரையும் இத்தகைய முடிவுக்கே வந்தது: சூழலில் ஒழுங்கு இருத்தல் வேண்டும், அவ்வொழுங்கைக் கற்கவும் பிழையை அறியவும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடத்துத் தன்னம்பிக்கை மட்டுமே எஞ்சும்.

இதனை மனத்திருத்தி மீண்டும் உப்புக்குளத்துக்கு வருவோம். 1990 ஒக்ரோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்டோர் வீடும் தொழிலும் இழந்தனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் அதனுள் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளப் பகுதியில் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் அகதிகளாய் வாழ்ந்தனர். கரையில் எஞ்சிய தமிழ் மீனவரும் பாஸ் நடைமுறை, கடற்றடை என்பவற்றால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டனர். இழந்த வீட்டையும் வள்ளத்தையும் கணக்கெடுக்கலாம். தந்தையோடு ஒரே வள்ளத்திற் செல்லாத மகன் இழந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது? அவ்வறிவு ஏட்டில் இல்லை. கடலின் மீதே அது கைமாறும். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியோர் கண்ட கடலும் முன்னைய கடலன்று. இழுவைப் படகுகள் அடிநிலத்தை வாரியிருந்தன. 2017இல் இலங்கையில் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் எல்லைதாண்டி வரும் படகுகளின் தொல்லை தீரவில்லை. ஆகவே பழைய கண்ணும் புதிதாய்ப் பயில வேண்டியதாயிற்று.

உள்ளுணர்வை நம்புவதா என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்கத்தக்க வினாக்கள் உள்ளன. இவ்வுணர்வு எந்த உழைப்பில், எத்தனை முறை தவறித் திருந்தி உருவானது? அச்சமோ ஆசையோ அதன் குரலிற் பேசுகின்றதா? அதனை உருவாக்கிய சூழல் இன்றும் உள்ளதா? அளக்கக் கூடியதை அளந்துவிட்டோமா? இவற்றைக் கேட்பதே பகுத்தறிவின் பணி. இவ்வாறு வினவப்பட்டுத் தேறிய உள்ளுணர்வைப் புறக்கணித்தல், அதனைத் திரட்டிய உழைப்பாளரைப் புறக்கணித்தலாகும். கடற்றொழில் பற்றிய திட்டங்கள் தீட்டப்படும் மண்டபங்களில் உப்புக்குளத்து மூத்த தொழிலாளிக்கு ஓர் இருக்கை வேண்டும் என நாம் கூறுவது இரக்கத்தினாலன்று. சல்லடை இன்றிக் கண் தடுமாறும் என்பது எவ்வளவு உண்மையோ, கண் இன்றிச் சல்லடை முத்தையும் கூழாங்கல்லையும் ஒன்றாகவே பிரிக்கும் என்பதும் அவ்வளவு உண்மை.