எந்த ஊர்க்காரன்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அவருக்கு எந்த ஊர்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஊர் தெரிந்தால் பாதி மனிதர் தெரிந்த மாதிரி. ஆனால் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவன் திரும்பிப் பார்க்கும்போது, அவன் புறப்பட்ட தேசமே தேசப்படத்தில் இல்லையென்றால் என்ன செய்வது? அப்படிப்பட்ட ஒருவனின் சரித்திரத்தைச் சொல்கிறேன். அவன் அரசனும் அல்ல, தளபதியும் அல்ல. கூடைப் பந்து ஆடிச் சம்பாதித்தவன். பெயர் டிராசன் பெட்ரோவிச்.

அத்ரியாத்திக் கடலோரத்தில் ஷிபெனிக் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அப்போது யுகோஸ்லாவியாவில் அடங்கியிருந்த குரோஷியாவைச் சேர்ந்தது. அங்கே 1964 அக்டோபர் 22-ந் தேதி அவன் பிறந்தான். அண்ணன் பந்தாடப் போனான். தம்பியும் பின்னாலேயே போனான். விடியற்காலையில், பள்ளிக்கூடம் போகுமுன், ஆளில்லாத ஆட்டக் கூடத்தில் தனியே நின்று நூற்றுக் கணக்கான தடவை பந்தைக் கூடைக்குள் எறிந்து பழகுவானாம். சங்கீத வித்துவான்கள் சாதகம் செய்வார்களே, அதே மாதிரிதான்.

1983-ல் அந்தச் சின்ன ஊர் அணி தேசிய வெற்றிக்கான இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. கடைசி நொடியில் எதிரி செய்த தவறுக்காக, யாரும் மறிக்காமல் இரண்டு தடவை பந்தெறியும் வாய்ப்பு பெட்ரோவிச்சுக்குக் கிடைத்தது. பதினெட்டு வயதுப் பையன் இரண்டையும் போட்டு ஜெயித்தான். ஊர் தூங்கவில்லை. மறுநாள், நடுவர் தீர்ப்பில் கோளாறு என்று மேலிடம் வெற்றியை ரத்துச் செய்தது. மறுபடி ஆட ஊரார் மறுத்துவிட்டார்கள். சொந்த வீட்டிலும் எல்லாம் நிச்சயமில்லை என்பது அவனுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஸாக்ரெப் நகரத்து சிபோனா அணிக்குப் போனான். 1985, 1986 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை அந்த அணிக்குத்தான். ஒரே ஆட்டத்தில் 112 புள்ளிகள் எடுத்ததும் அக்காலத்தில்தான். எதிரணி அன்று இளம் பிள்ளைகளை இறக்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1988-ல் ஸ்பெயினுக்குப் போய் ஒரு வருஷம் மாட்ரிட் அணியில் ஆடினான். அங்கே ஓர் இறுதிப் போட்டியில் 62 புள்ளிகள்.

1989-ல் அமெரிக்கா அழைத்தது. போர்ட்லாண்டு நகர அணி. ஐரோப்பாவின் சக்கரவர்த்தி அங்கே பெஞ்சில் உட்கார்ந்தான்! நாற்பத்தெட்டு நிமிஷ ஆட்டத்தில் அவன் பங்குக்குச் சராசரி பன்னிரண்டு நிமிஷம் சொச்சம். அடுத்த வருஷம் அதுவும் குறைந்தது. வெளியூரில் பட்டினி கிடப்பதைக்கூடப் பொறுக்கலாம்; கைவசம் வித்தை இருந்தும் "உட்கார், அப்புறம் கூப்பிடுகிறோம்" என்று சொல்வதைப் பொறுப்பது கஷ்டம்.

அந்த நாட்களில் அவனுக்கு ஆறுதல் ஒரே ஒரு சிநேகிதன். விளாடே டிவாச். செர்பியன். தேசிய அணியில் இருவரும் ஒரே அறையில் தங்குவார்கள். அதே வருஷம் அவனும் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்திருந்தான். தொலைபேசியில் பேசிக் கொள்வார்கள். சொந்த பாஷையில் மனத்தைக் கொட்ட இருவருக்கும் அதுதான் வழி.

1990-ல் அர்ஜென்டினாவில் யுகோஸ்லாவியா உலகப் போட்டியை வென்றது. கொண்டாட்டத்தின் நடுவே குரோஷியக் கொடியுடன் ஒருவன் களத்துக்குள் ஓடி வந்தான். டிவாச் அதைப் பிடுங்கிவிட்டான். இது எல்லாருடைய வெற்றி, தனிக் கொடி எதற்கு என்பது அவன் வாதம். குரோஷியாவில் அது மன்னிக்க முடியாத அவமதிப்பாயிற்று. அடுத்த வருஷம் தேசம் உடைந்து யுத்தம் மூண்டது. பெட்ரோவிச் பேச்சை நிறுத்திக் கொண்டான். ஒரே அமெரிக்க ஆடுகளத்தில் எதிரும் புதிருமாக நின்றபோதும், பழைய சிநேகம் திரும்பவில்லை.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். வீடு எரிந்து கொண்டிருந்த அதே காலத்தில்தான் அந்நிய தேசம் அவனுக்கு வழி விட்டது. 1991 ஜனவரியில் நியூ ஜெர்ஸி அணிக்கு மாறினான். அங்கே ஆட விட்டார்கள். 1992-93 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 22.3 புள்ளிகள். நடுவில், 1992 பார்ஸிலோனா ஒலிம்பிக்கில் புதிய குரோஷியாவுக்கு வெள்ளிப் பதக்கம். அமெரிக்காவிடம் தோற்ற அந்த இறுதிப் போட்டியிலும் அவன் 24 புள்ளிகள் எடுத்தான்.

1993 ஜூன் மாதம், போலந்தில் தேசிய அணிக்காக ஆடிவிட்டுத் திரும்புகையில், மற்றவர்கள் விமானத்தில் ஸாக்ரெப் போனார்கள். அவன் மட்டும் ஜெர்மனியில் இறங்கிக் காரில் புறப்பட்டான். 7-ந் தேதி, மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்றது. வயது இருபத்தெட்டு.

சமாதானம் செய்து கொள்ளலாம், அதற்கென்ன அவசரம் என்று மனிதர்கள் தள்ளிப் போடுகிறார்கள். யுத்தங்கள் ஓய்ந்து விடுகின்றன. எல்லைகளில் மறுபடி ரயில்கள் ஓடுகின்றன. ஆனால் ஒருவன் செத்துப் போனால், மற்றவன் யாரிடம் போய்ப் பேசுவான்? 2010-ல் வெளிவந்த ஒரு படத்துக்காக டிவாச் ஸாக்ரெப்புக்குப் போனான். பெட்ரோவிச்சின் தாயைப் பார்த்தான். கல்லறையில், இருவரும் சேர்ந்து எடுத்துக் கொண்ட பழைய புகைப்படம் ஒன்றை வைத்தான். அந்தப் படத்தில் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்தாம்.