பட்லர் பாடிய பாட்டு

எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு சர்ச் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ‘சபையின் அஸ்திபாரம்’ என்ற ஞானப்பாட்டு மதில் தாண்டி வரும். சொற்கள் தமிழ், மெட்டு சீமை மெட்டு. அது யாருடையது என்று வெகுநாள் கழித்தே தெரிந்துகொண்டேன். ஸாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி என்ற ஆங்கிலேயருடையது, 1864-இல் வெளியானது.

தகப்பனாரும் பெரிய வித்வான். செபாஸ்டியன் பாக் மீதிருந்த பக்தியில் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார். பிள்ளை 1832-இல், இருபத்திரண்டு வயதில், ஹெரிபோர்ட் கதீட்ரலில் ஆர்கன் வாசிக்கப் போனார்.

அங்கே ஓர் ஈஸ்டர் பண்டிகை. பாடுவதற்கு யார் யார் இருந்தார்கள் என்கிறீர்கள்? சிறுபையன்கள், அவர்களோடு ஒரே ஓர் ஆண் குரல். அந்த ஆசாமியும் கோயில் தலைமைக் குருவான டீனுடைய வீட்டுப் பட்லர்! வெஸ்லி முணுமுணுத்திருப்பார், ஆனால் இருந்த குரல்களுக்கு ஏற்றபடி பாட்டு எழுதினார். நடுவில் ஒரு பையன் தனியே பாட, மற்றப் பையன்கள் பதில் பாடுகிறார்கள். அந்த மெல்லிய அமைதியை உடைத்துக்கொண்டு ஆர்கன் திடீரென்று இடிபோல முழங்குகிறது. இசைத்தட்டில் கேட்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆள் பற்றாக்குறையில் பிறந்த பாட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

1835-இல் அதே டீனின் சகோதரியை வெஸ்லி மணந்துகொண்டார். (கதை எழுதுகிறவனுக்கு இங்கே சபலம் தட்டும்; அடக்கிக்கொள்கிறேன்.)

அப்புறம் எக்ஸிட்டர், லீட்ஸ், வின்செஸ்டர், க்ளாஸ்டர் என்று ஊர் ஊராக உத்தியோகம், கூடவே மனஸ்தாபங்கள். சங்கீதம் தெரியாத குருமார்கள் சங்கீதத்தை ஆள்வதா என்பது அவர் ஆத்திரம். 1849-இல் கதீட்ரல் சங்கீதத்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். தினமும் பன்னிரண்டு ஆண் பாடகர்களாவது வேண்டும், அவர்களுக்கு வயிறு நிறையச் சம்பளம் வேண்டும், ஆர்கன் வாசிப்பவரை வித்வானாக மதிக்க வேண்டும் என்று கேட்டார். குரலில் கசப்பு அதிகந்தான். கலைஞன் கூலியைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கிறவர்கள் எங்கும் உண்டு. எனக்கு அந்தக் கசப்பு அந்நியமாகப் படவில்லை.

1873-இல் பிரதமர் க்ளாட்ஸ்டன், ‘சர்’ பட்டம் வேண்டுமா, வருஷத்துக்கு 100 பவுன் பென்ஷன் வேண்டுமா என்று கேட்டார். பென்ஷன் போதும் என்றார் வெஸ்லி. மூன்று வருஷந்தான் வாங்கினார், 1876-இல் காலமானார்.