லீவு முடிந்து கடல் தாண்டுவோர்

அந்தமான் நிகோபாரின் ராணுவ வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தளங்களைத்தான் வரிசைப்படுத்துவார்கள்: 1964இல் போர்ட் பிளேரில் ஐ.என்.எஸ். ஜராவா, 1985இல் உத்குரோஷ் விமானதளம், 2001இல் முப்படைகளையும் ஒரே தலைமையின்கீழ் கொண்டுவந்த அந்தமான் நிகோபார் கட்டளையகம், 2012இல் கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ். தளத்தைத் திறப்பது ஒரு நாள் வேலை. அதில் ஆள் இருந்துகொண்டே இருக்கச் செய்வதுதான் ஓயாத வேலை. லீவில் ஊருக்குப் போன சிப்பாய், பிள்ளையைக் கொஞ்சி, கல்யாணம் காரியம் பார்த்து, குறித்த நாளில் யூனிட்டில் வந்து ரிப்போர்ட் செய்வதால்தான் அந்தத் தளம் இயங்குகிறது. அந்தத் திரும்புதலை அவருடைய சொந்த விஷயமாக ஒதுக்கிவிட்டு எழுதப்படும் தீவு வரலாறு அரைகுறையானது என்பது என் கருத்து.

தொடக்கத்தைப் பார்த்தாலே இது புரியும். 1858 மார்ச்சில் கைதிக் குடியேற்றம் அமைக்க டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கியபோது, காவலுக்கு வந்தவர்களும் அதே கப்பலில்தான் வந்தார்கள். பிற்காலத்தில் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கைதிகளை ஏற்றிப்போன ‘மகாராஜா’ கப்பலிலும் அதே நிலைதான். காலாபானி என்று ஊர் அஞ்சிய கடல் இருவருக்கும் ஒன்றே. காய்ச்சலும் மழையும் ஒன்றே. காவலனுக்குச் சம்பளமும் அதிகாரமும் இருந்தன, உண்மைதான். ஆனால் வீட்டில் காத்திருந்தவர்களின் கண்ணுக்கு அவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: காவலன் திரும்பி வருவான். ஊருக்குப் போய்வரும் உரிமைதான் ஒருவனைச் சிப்பாயாகவும் இன்னொருவனை நாடுகடத்தப்பட்டவனாகவும் ஆக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்துக் கப்பல் போக்குவரத்து அறுந்தபோது, கைதி, அரசு ஊழியர், வியாபாரி என்ற பேதமெல்லாம் அழிந்து, அகப்பட்டுக்கொண்ட அனைவரும் மூன்றரை ஆண்டுகள் ஒரே நிலைக்கு வந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, தீவில் ஆள் இருக்கச் செய்ய அரசு வேறொரு வழியையும் தேடியது. ஆளை ஊருக்கு அனுப்பித் திரும்ப அழைப்பதற்குப் பதிலாக, ஊரையே அங்கு கொண்டுபோனால் என்ன? 1969 முதல் கிரேட் நிகோபாரின் கிழக்குக் கரையில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களிலிருந்தும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் போயின. கார் நிகோபார் விமானப்படைத் தளத்தில் பணியிலிருந்தவர்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் இருந்தது. குடும்பத்தை உடன் வைத்துக்கொண்டால் பிரிவு ஏது என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு 2004 டிசம்பர் 26 கொடுத்த பதில் கொடியது. கார் நிகோபார் தளத்தில் ஆழிப்பேரலை கொண்டுபோன நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் வீரர்களோடு அவர்களின் மனைவி மக்களும் இருந்தார்கள். கிரேட் நிகோபாரின் குடியேற்றக் கிராமங்களையும் கடல் வாரிச் சென்றது. குடும்பத்தை அழைத்துப்போகக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிரிவைத் தீர்க்கப் போட்ட திட்டமும் அந்தக் கடலின் கணக்குக்குள்தான் அடங்குகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே போக்குவரத்துதான் மிஞ்சுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,300 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் மூன்று நாள் ஆகும். படையினருக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ‘கூரியர்’ எனப்படும் படை விமானம் உண்டு. கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர். உள்ளே சீருடைக்கு நடுவில் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியும் ஊறுகாயும். பயணிகள் விமானம்போல் சொகுசான இருக்கைகள் கிடையாது. பக்கவாட்டில் நைலான் பட்டை இருக்கை, காதைப் பிளக்கும் இரைச்சல். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிவாக்கில் அப்படிக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் சற்று நேரத்தில் வங்கக்கடலின் மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. 29 பேர் இருந்தார்கள்; லீவு முடிந்து திரும்பியவர்களும் அவர்களில் அடக்கம். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்தன: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில்.

அது விபத்து, போர்ச் சாவு அல்ல, இதை ராணுவ வரலாற்றில் சேர்ப்பது உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்று ஒருவர் சொல்லலாம். அரசின் விதியே அவருக்குப் பதில் சொல்கிறது. படையினர் இறப்பு, ஊனம் ஆகியவற்றுக்கான ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982ஆம் ஆண்டு விதிகளின்படி, அரசுச் செலவில் பயணம் செய்யும் உரிமையோடு லீவுக்குப் போகும் வழியும் லீவிலிருந்து திரும்பும் வழியும் பணிக்காலமாகவே கொள்ளப்பட்டன. கேஷுவல் லீவில் கைக்காசில் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போகையில் ரயிலில் விபத்துக்குள்ளான ஒரு படைவீரரின் வழக்கில், அவர் சொந்தச் செலவில் போனார் என்பதைக் காட்டி ஊன ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்துக்கு இது விளங்கியிருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. இப்போது சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போர்ட் பிளேரில் இறங்கிவிடலாமே, பழைய கதையை ஏன் பேசவேண்டும்? சுற்றுலாப் பயணிக்கு அது சரி. காம்ப்பெல் பேயில் பணியாற்றுகிறவருக்குப் போர்ட் பிளேர் பாதி வழிதான். அங்கிருந்து தெற்கே இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் போனால் ஒரு நாளைத் தாண்டிவிடும், கடல் கொந்தளித்தால் அதுவும் உறுதியில்லை. பாதுகாப்பின் தேவை தளங்களை மேலும் மேலும் மலாக்கா நீரிணைப் பக்கம் தள்ளுகிறது. அதே வேகத்தில் மதுரைக்காரரோ வேலூர்க்காரரோ லீவு முடிந்து கடக்கவேண்டிய தூரமும் நீளுகிறது. புதிய ஓடுபாதைக்கு ஒதுக்கும் தொகையை அறிவிக்கும்போதே, அங்கு பணியாற்றுகிறவர் ஊருக்குப் போய்வர எத்தனை கப்பல், எத்தனை விமான இருக்கை என்பதையும் சேர்த்து அறிவிப்பதுதான் முறை.