சீகிரியாவில் கேட்ட ஓர் எண்ணிக்கை

2014 மே 10ஆம் திகதி நான் சீகிரியாவில் இருந்தேன். குன்றிலிருந்து இறங்கி, சிங்கப் பாதங்களைக் கடந்து, கீழே ஒரு தேநீர்க் கடையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆசிய ஐந்து நாடுகள் றக்பி தொடரில் நகோயா நகரில் நடந்த ஆட்டத்தின் முடிவு: ஜப்பான் 132, இலங்கை 10.

"தட்டச்சுப் பிழையாக இருக்கும். முன்னால் உள்ள ஒன்றை எடுத்துவிட்டுப் பார்" என்றேன்.

"இல்லை அண்ணை, மூன்று தரம் பார்த்துவிட்டேன். நூற்று முப்பத்திரண்டுதான்."

எண்பது நிமிட ஆட்டம் அது. நிமிடத்துக்கு ஒன்றரைப் புள்ளிக்கும் மேல்! என்னை அழைத்து வந்த வேன் ஓட்டுநர் மாத்தளைக்காரர், றக்பிப் பைத்தியம். விடயத்தைச் சொன்னதும் குன்றை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "கண்டியில பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடினால் ரோடே அடைபட்டுப் போகும். வெளிநாட்டுக்குப் போனால் மட்டும் ஏன் ஐயா இப்பிடி?" என்று கேட்டார். அவருக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை.

இலங்கையில் றக்பிக்கு நெடிய வரலாறு உண்டு. கொழும்பில் 1879இல் கழகம் அமைத்து ஆடத் தொடங்கியவர்கள் வெள்ளையர்கள். சீகிரியாவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள கண்டியில், கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1906இல் மோதின. தேசிய றக்பிச் சங்கம் 1908இல் உருவானது. அதற்கு முந்திய ஆண்டே, இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த நியூசிலாந்துத் தொழில்முறை அணியொன்று கொழும்பில் இறங்கி ஆடி, 33–6 என வென்றுவிட்டுப் போனது. அன்றைய 'இலங்கை அணி' என்பது முற்றிலும் துரைமார் அணி. இலங்கையர் தமக்கெனக் கழகம் அமைக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சி.ஆர். அன்ட் எப்.சி. என்று இன்று அறியப்படும் கழகம் அவ்வாறு பிறந்ததே.

மலையகத்தில் இந்த விளையாட்டு தோட்டத்துரைமாரின் சனி, ஞாயிறு. திம்புள்ளை, டிக்கோயா, ஊவா என்று கழகங்கள். ரதெல்லை, தரவளை மைதானங்களின் அழகைப் புகழாத பழைய விளையாட்டு எழுத்தாளர் இல்லை. மலைச்சரிவில் ஒரு சமதளம் தானாக உண்டாவதில்லை. தேயிலைக் காட்டையும் தெருக்களையும் வெட்டிய தமிழ்க் கைகளைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வரியும் நான் கண்டதில்லை. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாகித் துரைமார் போனதும் அந்தக் கழகங்களும் மங்கின.

1950இல் வந்தார்கள் பிரித்தானிய லயன்ஸ் அணியினர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணத்தை முடித்துத் தாயகம் திரும்பும் வழியில் கொழும்பில் ஓர் ஆட்டம்: 44–6. அந்த இலங்கை அணியில் சும்மா நவரத்தினம் ஆடினார். றோயல் கல்லூரியின் பழைய மாணவர். ஆசியாவின் அதிவேக மனிதர் என்று 1950களில் பேசப்பட்ட ஓட்டவீரர். றக்பி என்றால் சிங்களவர், பறங்கியர் விளையாட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இவர் பெயரை நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

1907இல் ஆறு புள்ளி, 1950இல் ஆறு புள்ளி, 2014இல் பத்து. நூறாண்டு முன்னேற்றம் நான்கு புள்ளி என்று அன்றிரவு நண்பர்களிடம் கேலி பேசினேன். அது நேர்மையான கணக்கன்று என்பதும் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு 'ட்ரை' மூன்று புள்ளி, 1992இலிருந்து ஐந்து. எதிராளிகளும் வேறு. ஆனாலும் ஓட்டுநரின் கேள்வி அப்படியே நிற்கிறது.

2014 பருவத்துக்கு இலங்கை பின்கதவால் நுழையவில்லை. முந்திய ஆண்டு முதலாம் பிரிவை வென்று, தகுதியோடுதான் மேல்தட்டு ஐவருள் ஒருவரானது. மற்ற நால்வர் ஜப்பான், ஹொங்கொங், தென்கொரியா, பிலிப்பைன்ஸ். அந்தத் தொடரே 2015 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிச் சுற்றாகவும் இருந்தது. ஜப்பானிடம் நிறுவனங்கள் ஊதியம் கொடுத்து வளர்க்கும் அணிகள் இருந்தன, எடி ஜோன்ஸ் என்ற பயிற்றுநர் இருந்தார், நான்காண்டுத் திட்டம் இருந்தது. நம்மிடம் இருந்தது பாடசாலைப் பருவம். 1945இல் தொடங்கிய பிரட்பி கேடயத்துக்காக றோயலும் திரித்துவமும் மோதும்போது கொழும்பும் கண்டியும் அல்லோலகல்லோலப்படும். பத்தொன்பது வயதுப் பையன் தேசத் தலைவனைப் போல வலம் வருவான். அதன்பின்? பொலிஸ், இராணுவம், கடற்படை, சில கழகங்கள். கூட்டம் பாடசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. பணமும் அங்கேதான் நிற்கிறது. இலங்கை அணி தோற்றது நகோயாவில் அல்ல, அந்த வாசலில் என்றே நான் கருதுகிறேன். நிருவாகச் சண்டைகள் தனிக்கதை. 2023இல் உலக றக்பி அமைப்பு இலங்கையை இடைநிறுத்தும் அளவுக்கு அவை முற்றின.

தேசிய அணிக்குக் கொம்பன் யானைகள் என்று பெயர். திரும்பும் வழியில் ஓட்டுநர் அதையும் சும்மா விடவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், தம்பி முகலனுடன் நடந்த போரில் காசியப்பன் ஏறியிருந்த யானை எதிரே சதுப்பைக் கண்டு சற்று விலகித் திரும்பியது. மன்னன் பின்வாங்குகிறான் என்று எண்ணிப் படை சிதறியது என்கிறது சூளவம்சம். "அந்த யானையைத்தான் ஐயா ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறாங்கள்" என்றார். சிரித்தோம். சிரித்துவிட்டு தம்புள்ளை வரும்வரை இருவரும் பேசவில்லை.

2014 மே 25 அன்று டோக்கியோவில் ஹொங்கொங்கை 49–8 என வென்று ஜப்பான் உலகக் கிண்ணத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஆசியத் தொடரின் மேல்தட்டு மூன்று நாடுகளாகச் சுருக்கப்பட்டது. இலங்கை அதில் இல்லை. 2015 செப்டெம்பர் 19 இரவு நான் செய்தி மேசையில் இருந்தேன். பிரைட்டனில் ஜப்பான் இரண்டு தடவை உலகக் கிண்ணம் வென்ற தென்னாபிரிக்காவைத் தோற்கடித்தது: 34–32. அன்றும் எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொன்னேன். பிறகுதான் மாத்தளைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அதற்குள் பார்த்து முடித்திருந்தார்.