சாவோ தோமே கொக்கோ

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவில், நிலநடுக்கோட்டை ஒட்டி சாவோ தோமே, பிரின்சிப்பி என்ற இரண்டு எரிமலைத் தீவுகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தாலும் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர்தான். 1470 வாக்கில் போர்ச்சுகீசியர் வந்து இறங்கியபோது அங்கே மனிதர்கள் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பு பயிரிட்டார்கள். பிரேசிலில் சர்க்கரை பெருகியதும் தீவுகளின் கரும்பு ஒடுங்கிப்போனது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பியும் அடுத்துக் கொக்கோவும் வந்தன. 1900 வாக்கில், உலகச் சந்தைக்கு அதிகமாகக் கொக்கோ அனுப்பும் இடங்களின் வரிசையில் இந்தச் சிறு தீவுகளும் நின்றன.

1875இல் தீவுகளில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள், மீண்டும் அங்கே வேலைக்கு வர மறுத்தார்கள். ‘ரோசா’ எனப்படும் தோட்டங்களின் முதலாளிகள் அங்கோலா பக்கம் திரும்பினார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது: ‘செர்விசால்’, அதாவது ஊழியர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதக் கூலி, முடிவில் ஊர் திரும்பும் உரிமை என்று காகிதத்தில் எல்லாம் இருந்தது.

காகிதத்துக்கு வெளியே நடந்தது வேறு. அங்கோலாவின் உள்நாட்டில், பியே மேட்டுநிலத்திலும் அதற்கு அப்பாலும், துணிக்கும் சாராயத்துக்கும் துப்பாக்கிக்கும் ஆட்கள் விலைபோனார்கள். கடனுக்காகவும் குற்றம் சுமத்தப்பட்டும் சண்டையில் பிடிபட்டும் கைமாறியவர்கள் வாரக்கணக்கில் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். வழியில் உணவும் நீரும் அரிதான ஒரு நிலப்பரப்பை, அதைக் கடந்தவர்கள் ‘பசி நாடு’ என்றே அழைத்தார்கள். அந்தப் பாதையோர மரங்களில் கை கால்களைப் பிணைத்த மரத்தளைகள் தொங்கின. நடக்க முடியாமல் விழுந்தவர்களின் எலும்புகள் வழிநெடுகக் கிடந்தன. பெங்குவேலா துறைமுகத்தை அடைந்ததும் ஓர் அரசு அதிகாரி முன் வரிசையில் நிறுத்தி, விரும்பித்தான் போகிறீர்களா என்று கேட்பார்கள். பதில் என்னவாக இருந்தாலும் அது சம்மதமாகவே எழுதப்பட்டது. பின்பு எண் பொறித்த தகர வில்லை ஒன்றும், ஒப்பந்தத் தாள் அடங்கிய தகரக் குழல் ஒன்றும் கழுத்தில் மாட்டப்படும். ஆண்டுக்குச் சுமார் 4,000 பேர் இப்படிக் கப்பலேறினார்கள்.

தோட்டத்தில் நாள் மணியோசையில் தொடங்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘பிரட்டு’ என்று சொல்லப்படுவது போன்ற ஆள்கணக்கு இங்கே காலையிலும் மாலையிலும் நடந்தது. மரத்திலிருந்து காய் அறுப்பது, உடைத்து விதை எடுப்பது, புளிக்கவைப்பது, தட்டுகளில் பரப்பிக் காயவைப்பது, களை வெட்டுவது எல்லாம் கையால் செய்த வேலைகள். அரிசி, உலர்மீன், வாழை, பனை எண்ணெய் கிடைத்தன. சில பெரிய தோட்டங்களில் மருத்துவமனையும் இருந்தது. போவா என்த்ராதா தோட்டத்தின் லயங்களைத்தான் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்கள். ஆனாலும் ஆட்கள் சாகும் வேகம் எந்தக் கட்டடத்தாலும் மறைக்க முடியாததாக இருந்தது. ஓடிப் பிடிபட்டவர்களுக்கு அடி விழுந்தது. தோட்டத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ‘தோங்கா’ என்று பெயர். அவர்களும் தோட்டத்துக்கே உரியவர்களாகக் கருதப்பட்டார்கள். ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. 1908க்கு முன் அங்கோலாவுக்குத் திரும்பியவர்கள் அநேகமாக யாருமில்லை. இந்த ஏற்பாட்டை அடிமைமுறை என்பதா கூடாதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. அநேகமாக யாருமே ஊர் திரும்பாத ஒப்பந்தத்துக்கு வேறு பெயர் தேட அவசியமே இருந்திருக்கக் கூடாது.

இந்தக் கொக்கோவில் ஒரு பங்கு, பர்மிங்ஹாம் அருகே போர்ன்வில்லில் இருந்த கேட்பரி சகோதரர்களின் ஆலைக்குப் போனது. கேட்பரி குடும்பத்தினர் க்வேக்கர்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே அடிமை வணிகத்தை எதிர்த்த கிறித்தவப் பிரிவு அது. 1790களில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தேநீரில் போடாமல் விட்ட ஆங்கிலக் குடும்பங்களின் நினைவு அவர்களிடம் உயிரோடு இருந்தது. போர்ன்வில் ஆலையைச் சுற்றி வீடுகளும் தோட்டங்களும் விளையாட்டுத் திடல்களும் அமைக்கப்பட்டன. தொழிலாளர் நலத்துக்கு இங்கிலாந்து முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொன்ன இடம் அது. ஜார்ஜ் கேட்பரி 1901இல் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழை வாங்கினார். டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் நடத்தப்பட்ட விதத்தை அந்த இதழ் கடுமையாகக் கண்டித்தது.

அதே 1901இல் ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் கேட்பரி டிரினிடாட் சென்றிருந்தபோது, சாவோ தோமேயில் அடிமைகள் வேலை செய்கிறார்கள் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. சிறிது காலத்தில் விற்பனைக்கு வந்த ஒரு தீவுத் தோட்டத்தின் சொத்துப் பட்டியல் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்தது. அதில் 200 கறுப்புத் தொழிலாளர்கள், மதிப்பு 3,555 பவுண்டு என்று எழுதியிருந்தது. கூலிக்கு வந்த மனிதருக்குச் சொத்துக் கணக்கில் விலை போட முடியாது. விலை போட்டிருந்தால் அவர் கூலி அல்ல. அந்தத் தாளைப் படித்தவர்களுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் நிறுவனம் வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழ பாதி அந்தத் தீவுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

அங்கோலாவில் பணியாற்றிய மத்தேயு ஸ்டோபர் என்ற மதப் பரப்பாளர் உள்ளூர் நிலையை அவர்களுக்கு விவரித்தார். 1903 மார்ச்சில் வில்லியம் லிஸ்பன் சென்று போர்ச்சுகீசிய அமைச்சரையும் தோட்ட முதலாளிகளையும் சந்தித்தார். அந்த ஆண்டு ஜனவரியில் வந்த புதுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும், ஊர் திரும்புவதற்கான நிதியையும் உறுதிசெய்கிறது, ஓராண்டு பொறுங்கள் என்றார்கள். குறை இருந்தால் நீங்களே வந்து பாருங்கள் என்றும் சொன்னார்கள். ஆகவே நேரில் பார்க்க ஒருவரை அனுப்புவதென முடிவாயிற்று. ஜோசஃப் பர்ட் என்ற க்வேக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முதலில் போர்ச்சுகீசிய மொழி கற்றார். 1905 ஜூனில்தான் தீவில் இறங்கினார். சாவோ தோமே, பிரின்சிப்பி, அங்கோலா, மொசாம்பிக், டிரான்ஸ்வால் என்று சுற்றி 1907இல் நாடு திரும்பினார். வாங்கும் நிறுவனம் ஒன்று தன் செலவில், விளையும் இடத்துத் தொழிலாளர் நிலையை ஆராய ஆள் அனுப்பியதில் இது மிகப் பழைய நிகழ்வுகளுள் ஒன்று. பிற்காலத்து ஆலைத் தணிக்கைகளில் காணும் பலவீனங்களும் இதிலேயே தென்பட்டன: தோட்டக்காரர்களின் விருந்தினராகத் தங்கியது, முன்கூட்டியே தெரிந்த வருகை, நீண்டுகொண்டே போன காலம்.

அதே பயணத்தை ஹென்றி நெவின்சன் வேறு விதமாக நடத்தினார். ‘ஹார்ப்பர்ஸ்’ மாத இதழுக்காக 1904 இறுதியில் அங்கோலா சென்ற இந்தப் பத்திரிகையாளர், ஆட்கள் நடத்திவரப்பட்ட உள்நாட்டுப் பாதையிலேயே பயணம் செய்தார். மரத்தளைகளையும் எலும்புகளையும் தகரக் குழல்களையும் உலகம் அறிந்தது அவர் எழுத்தின் வழியே. 1905 ஆகஸ்டு முதல் கட்டுரைகளும் 1906இல் நூலும் வெளிவந்தன. பர்ட்டின் அறிக்கையும் முடிவில் ஏறக்குறைய அதே உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அது 1907இல் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்துக்கும் லிஸ்பன் முதலாளிகளுக்கும் போய், சொற்கள் திருத்தப்பட்டு, மக்கள் பார்வைக்கு வர மேலும் காலம் ஆனது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த டிரான்ஸ்வாலின் சுரங்கங்களுக்கு, போர்ச்சுகல் வசமிருந்த மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அதற்குப் போர்ச்சுகலின் தயவு வேண்டியிருந்தது. அதனால் வெளியுறவு அலுவலகம் மெல்லப் போகும்படியே ஆலோசனை சொல்லிவந்தது.

1908 செப்டம்பர் 26 அன்று ‘ஸ்டாண்டர்ட்’ நாளிதழ் தலையங்கம் ஒன்று வெளியிட்டது. போர்ன்வில்லின் தூய்மையையும் அங்கோலாவின் தளைகளையும் அருகருகே வைத்து, கேட்பரி நிறுவனம் தெரிந்தே மௌனமாக இருந்ததாக அது குற்றம் சாட்டியது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு இறுதியில் வில்லியம் தாமே பர்ட்டுடன் தீவுகளுக்கும் அங்கோலாவுக்கும் போனார். 1909 மார்ச்சில் கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ ஆகிய மூன்று க்வேக்கர் நிறுவனங்களும் சாவோ தோமே கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. ஜெர்மனியின் ஸ்டோல்வெர்க்கும் சேர்ந்துகொண்டது.

வழக்கு 1909 நவம்பர் 29 அன்று பர்மிங்ஹாமில் தொடங்கி ஒரு வாரம் நடந்தது. கேட்பரி தரப்பில் ரூஃபஸ் ஐசக்ஸ். பிற்பாடு ரீடிங் பிரபு என்ற பெயரில் இந்தியாவின் வைசிராயாக வந்தவர் இவர்தான். இதழின் தரப்பில் எட்வர்ட் கார்சன். வாங்குவதை நிறுத்தியிருந்தால் போர்ச்சுகலிடம் பேசும் வலிமை போயிருக்கும், பிரிட்டிஷ் அரசும் பொறுக்கச் சொன்னது என்பது நிறுவனத்தின் வாதம். கார்சன் வேறு வாதம் அதிகம் வைக்கவில்லை, தேதிகளை வரிசைப்படுத்தினார். தெரிந்தது 1901இல். நிறுத்தியது 1909இல். இடையில் வாங்கிய கொக்கோவை விளைவிக்க எத்தனை அடிமைகள் உயிரிழந்தார்கள் என்று கணக்குப் பார்த்ததுண்டா என வில்லியமைக் கேட்டார். இல்லை என்ற பதிலே வந்தது. ஜூரிகள் கேட்பரிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, இழப்பீடாக ஒரு ஃபார்த்திங் வழங்கினார்கள். கால் பென்னி, அன்றைய புழக்கத்தில் மிகச் சிறிய நாணயம்.

வில்லியம் கேட்பரி நேர்மையற்றவர் என்று சொல்ல இடமில்லை. வேறு எந்தச் சாக்லேட் வணிகரும் இந்த அளவு பணமும் காலமும் செலவிடவில்லை. ஆயினும் அவர் சொன்ன பேரம் பேசும் வலிமை அந்த எட்டு ஆண்டுகளில் உண்மையில் பயன்பட்டதற்குச் சான்று மிகக் குறைவு. மாற்று இடம் கிடைக்கும் வரை வாங்கல் தொடர்ந்தது என்பதையும் புறக்கணிக்க முடியாது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், சிறு விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் கொக்கோ பயிரிட்டு வந்தார்கள். 1891இல் 80 ராத்தலாகத் தொடங்கிய அதன் ஏற்றுமதி 1911இல் ஏறத்தாழ 40,000 டன்னாகி உலகில் முதலிடம் பிடித்தது. கேட்பரியின் கொள்முதலும் அங்கே நகர்ந்தது.

சாவோ தோமேயின் கொக்கோவும் விற்காமல் போகவில்லை. பர்ட் 1909இல் அமெரிக்கா சென்று அங்குள்ள நிறுவனங்களிடம் பேசினார், பலன் சொற்பமே. தீவுகளின் உற்பத்தி 1913 வாக்கில்தான் உச்சத்தைத் தொட்டது. அதன் பின்பு பூச்சித் தாக்குதலும் களைத்த மண்ணும் அதைச் சரித்தன. 1910இல் போர்ச்சுகலில் முடியாட்சி வீழ்ந்த பின் அங்கோலாவுக்குத் திரும்பியவர்கள் எண்ணிக்கை கூடியது, ஆனால் ஒப்பந்தக் கூலிமுறை நின்றுவிடவில்லை. கேப் வெர்டே, மொசாம்பிக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1953 பிப்ரவரியில், உள்ளூர் மக்களையும் தோட்ட வேலைக்கு வற்புறுத்தப்போகிறார்கள் என்ற அச்சத்தில் எழுந்த எதிர்ப்பு, பத்தேபா படுகொலையில் முடிந்தது. 1975 ஜூலை 12இல் தீவுகள் விடுதலை பெற்றன, தோட்டங்கள் அரசுடைமையாயின.

கொக்கோவின் மையம் பிற்காலத்தில் ஐவரி கோஸ்ட்டுக்கும் கானாவுக்கும் மாறியது. அங்கே சிறுவர்கள் வேலை செய்வது வெளிவந்ததும், 2001 செப்டம்பரில் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஹார்க்கின்–எங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2005க்குள் மிகக் கொடிய குழந்தை உழைப்பை ஒழிப்பது இலக்கு. அந்தக் கெடு தவறியது. 2008 ஆயிற்று, பின்பு 2020 ஆயிற்று. 2020இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வொன்று, இரு நாடுகளிலும் கொக்கோவில் உழைக்கும் சிறுவர்கள் ஏறத்தாழ 15.6 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

2005இல் மாலி நாட்டைச் சேர்ந்த ஆறு பேர், சிறுவயதில் கடத்தப்பட்டு ஐவரி கோஸ்ட் தோட்டங்களில் கூலியின்றி வேலை வாங்கப்பட்டதாகச் சொல்லி, நெஸ்லே, கார்கில் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூன் 17 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தலைமையகத்தில் எடுக்கப்படும் பொதுவான வணிக முடிவுகளை மட்டும் வைத்து, வெளிநாட்டில் நடந்த குற்றத்துக்கு அவர்கள் அடிப்படையாகக் கொண்ட அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வழக்காட முடியாது என்பது காரணம். தோட்டத்தில் என்ன நடந்தது என்பதற்கான சாட்சி விசாரணை அந்த வழக்கில் ஒருநாளும் தொடங்கவில்லை.